துருக்கிக் காபியில் நுரை நிற்கவில்லை

இஸ்தான்புல்லின் காடிகோய் பகுதியில் வசிக்கும் நான், மூன்று வாரங்களாக வீட்டிலேயே துருக்கிக் காபி போட்டு வருகிறேன். சுவையில் குறையில்லை, நுரைதான் நிற்பதில்லை. ஓரத்தில் பழுப்பு வளையமாக எழும் நுரை, நடுவில் கூடுவதற்கு முன்பே பெரிய குமிழிகளாக உடைந்துவிடுவதால், கோப்பையில் கறுத்த நீர் மட்டுமே விழுகிறது. நுரையில்லாத காபியை இந்த ஊரில் விருந்தாளிக்கு நீட்டக் கூச்சமாக இருக்கிறது.

பாத்திரம், உள்ளே வெள்ளீயம் பூசிய செம்பு ஜெஸ்வே, அதாவது துருக்கிக் காபி போடும் நீண்ட கைப்பிடிப் பாத்திரம்; இரண்டு கோப்பை கொள்ளும், ஆனால் எனக்கு மட்டும் என்பதால் ஒரு கோப்பைதான் போடுகிறேன். 70 மில்லி குளிர்ந்த நீர், மாவு போல் அரைத்த தூள் 7 கிராம், அரைக் கரண்டி சர்க்கரை ஆகியவற்றை அடுப்பேற்றும் முன்பே கலக்கிவிடுகிறேன்; பிறகு கரண்டி படுவதில்லை.

எரிவாயு அடுப்பில் தீயை மிகவும் தணித்தேன். குழாய் நீருக்குப் பதிலாகப் புட்டி நீர் ஊற்றினேன். எமினோனு கடைத்தெருவில் என் கண்ணெதிரே அரைத்த தூளை வாங்கிவந்து அன்றே போட்டேன். கொதி வரும் முன்பே இறக்கி, முதல் நுரையைக் கோப்பையில் வழித்துவிட்டு, மீதியை மறுபடி சூடாக்கியும் மாற்றமில்லை.

இரண்டு கோப்பைப் பாத்திரத்தில் ஒரு கோப்பை அளவே போடுவதுதான் நுரை கலையக் காரணமா?