வழி மறப்பது வயதாலா, செல்பேசியாலா?

திசைமாறி: எனக்கு 61 வயது. பெரிய கட்டடங்களில் போக வேண்டிய அறைக்குச் சரியாகப் போய்விடுகிறேன். வெளியே வரும்போதுதான் எந்தப் பக்கம் திரும்புவது என்று விழிக்கிறேன். வயதானால் இப்படித்தான் என்கிறான் மகன். செல்பேசி வழி சொல்லத் தொடங்கிய பிறகு மூளைக்கு வேலையே இல்லை, அதனால்தான் என்கிறேன் நான். யார் சொல்வது சரி?

ஒற்றையடிப்பாதை: மகன் சொல்வதுதான். 2016-ல் ஆராய்ச்சிக்காகவே 'சீ ஹீரோ குவெஸ்ட்' என்று ஒரு செல்பேசி விளையாட்டு வந்தது. வரைபடத்தை ஒரு தடவை காட்டி மறைத்துவிடுவார்கள், அப்புறம் படகை நாமே ஓட்டிப் போக வேண்டும். பல லட்சம் பேர் ஆடினார்கள். இருபது வயதை ஒட்டியே திறன் இறங்க ஆரம்பித்து, இறங்கிக்கொண்டே போகிறது. அறுபதில் திடீரென்று வருவதல்ல இது.

நாற்சந்தி: திரையில் விரல் தேய்ப்பதில் 70 வயதுக்காரர் 25 வயதுக்காரரோடு போட்டி போட முடியுமா? இது என்ன அளவுகோல்!

ஒற்றையடிப்பாதை: அதை யோசிக்காமலா இருப்பார்கள்? பயிற்சிக்கான முதல் கட்டங்களில் கை எவ்வளவு பழகியிருக்கிறது என்று பார்த்து, அதைக் கழித்துவிட்டுத்தான் கணக்கிட்டார்கள்.

நாற்சந்தி: சரி, அதே தரவிலிருந்து 2022-ல் வந்த முடிவை ஏன் விட்டுவிட்டீர்கள்? நகரத்துக்கு வெளியே வளர்ந்தவர்கள் பெரியவர்களான பிறகும் வழி கண்டுபிடிப்பதில் கெட்டி. லண்டன் டாக்சி ஓட்டுநர்களைப் பாருங்கள். சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்ய வருடக்கணக்கில் படிக்கிறார்கள். தேர்வில் தேறியவர்களுக்கு, மூளையில் இட நினைவைக் கவனிக்கும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்தது, தேறாதவர்களுக்கு இல்லை. 2011-ல் வந்த ஆய்வு. பழக்கினால் வளரும், பழக்காவிட்டால் துருப்பிடிக்கும். செல்பேசி வழிகாட்டியை அதிகம் நம்பியவர்களுக்கு இட நினைவு வேகமாகக் குறைந்ததாக 2020-ல் ஓர் ஆய்வும் சொன்னது.

ஒற்றையடிப்பாதை: அந்த 2020 ஆய்வில் மூன்று வருடம் கழித்து மறுபடி சோதித்தது எத்தனை பேரை? 13 பேரை! ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள். டாக்சிக்காரர்களும் சும்மா பெறவில்லை. ஹிப்போகாம்பஸின் முன்பகுதி சிறுத்திருந்தது. சிக்கலான ஒரு படத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு நினைவிலிருந்து வரையச் சொன்னால் திணறினார்கள்.

வெள்ளிமீன்: இரண்டு பேரும் வேறு வேறு திறமைகளைப் போட்டுக் குழப்புகிறீர்கள். 'சிவப்புக் கதவு தாண்டி இடது, படிக்கட்டு வந்தால் வலது' என்று வரிசையாக நினைவில் வைப்பது ஒன்று. மொத்த இடத்தையும் மேலிருந்து பார்ப்பதுபோல் மனதில் வரைந்துகொள்வது இன்னொன்று. வயதில் அதிகம் அடிபடுவது இரண்டாவது. அதனால் முதியவர்கள் முதலாவதையே பிடித்துக்கொள்கிறார்கள். போகும்போது அது போதும். திரும்பும்போது மொத்த வரிசையையும் தலைகீழாக்க வேண்டும், சிவப்புக் கதவும் முதுகுப் பக்கம் போய்விடும். திசைமாறி ஐயா மாட்டிக்கொள்வது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. மனவரைபடத்துக்கு உதவும் 'கிரிட் செல்' என்ற மூளை நரம்பணுக்களை 2005-ல் நார்வே விஞ்ஞானிகளான மோசர் தம்பதியர் எலிகளிடம் கண்டுபிடித்தார்கள். 2014-ல் நோபல் பரிசும் கிடைத்தது. அவை இருக்கும் மூளைப் பகுதியான எண்டோரைனல் கார்டெக்ஸ்தான் அல்சைமர் நோய் முதலில் கைவைக்கும் இடங்களில் ஒன்று. புதுக் கட்டடத்தில் தடுமாறுவதற்குப் பயப்பட வேண்டாம். பல வருடம் நடந்த சொந்தத் தெருவிலேயே வழி தவறினால், வயது, செல்பேசி என்று வாதாடிக்கொண்டிருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

திசைமாறி: சொந்தத் தெருவில் பிரச்சினை இல்லை அம்மா, கண்ணைக் கட்டிவிட்டாலும் வந்துவிடுவேன். இன்று ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ! ஆனால் வரும்போது ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. செல்பேசி பையிலேயே கிடந்தது.

நாற்சந்தி: பார்த்தீர்களா? பழக்கம்!

ஒற்றையடிப்பாதை: இளமையில் திரும்பிப் பார்க்காமலே வந்தாரே, அது?