கென்யா பாஸ்போர்ட் உள்ள பெண் "சோமாலி என்று எழுதாதீங்க" என்கிறாள், ஏன்?

ஃபிங்கர்போஸ்ட் அம்மா (ஊட்டி):

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மாடியை மருந்தியல் படிக்கும் இரண்டு பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறோம். ஒருத்திக்குச் சொந்த ஊர் கென்யாவில் கரிஸ்ஸா. நல்ல பிள்ளை. நம் ஊர்த் தூளையே வாங்கி, பட்டையும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, சர்க்கரையை அள்ளிக் கொட்டி டீ போடுவாள். நோன்பு மாதம் முழுக்க மாலையில் எனக்கும் ஒரு டம்ளர் கீழே வந்துவிடும்.

வெளிநாட்டவரைத் தங்க வைத்தால் அரசுக்குத் தெரிவிக்கும் படிவம் பதிய வேண்டும் இல்லையா? மகன் கணினியில் அதை நிரப்பிக்கொண்டிருந்தான். "சோமாலிப் பொண்ணுன்னும் ஒரு வரி போடுடா, பின்னால கேட்டா சொல்ல வசதி" என்றேன். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் 'சோமாலி' என்ற சொல் காதில் விழுந்ததும் முகம் வெளுத்துவிட்டது. பாஸ்போர்ட்டில் கென்யா என்றுதானே இருக்கிறது ஆன்ட்டி, அதை மட்டும் போடுங்கள், மற்றதை எங்கேயும் எழுதாதீர்கள் என்று ஆங்கிலத்தில் கெஞ்சினாள். கை நடுங்கியது. அன்று நான் தூங்கவில்லை, அந்தப் பிள்ளையைப் பயமுறுத்திவிட்டேனே என்று.

அவள் தம்பிக்குப் 18 வயது எப்போதோ முடிந்துவிட்டது, இன்னும் அடையாள அட்டை கிடைக்கவில்லை. அதனால் கல்லூரியில் சேரவும் முடியவில்லை, கைபேசியில் பணம் அனுப்பும் கணக்கும் தொடங்க முடியவில்லை. சண்டை நடப்பது சோமாலியாவில். கென்யாவில் பிறந்த பிள்ளைகளுக்கு ஏன் இந்த நிலை? துருவித் துருவி அவளிடமே கேட்க மனமில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெலிங்டன் பழைய சிப்பாய்:

அம்மா, 1994இல் ஐ.நா. அமைதிப்படையோடு சோமாலியாவில் பைதோவாவில் இருந்தேன், மருத்துவப் பிரிவு. நம் பிரிகேட் அந்த ஊரில்தான் முகாம் போட்டிருந்தது.

சோமாலியா கொடியில் ஐந்து முனை நட்சத்திரம் பார்த்திருப்பீர்கள். சோமாலிகள் வாழும் ஐந்து நிலங்களுக்கு ஐந்து முனை. அதில் இரண்டு மட்டும் 1960 ஜூலை 1 அன்று சேர்ந்து சோமாலியா ஆனது. மூன்றாவது, 1977இல் விடுதலை பெற்ற ஜிபூட்டி. நான்காவது எத்தியோப்பியாவின் ஒகாடேன். ஐந்தாவது கென்யாவின் வடகிழக்கு, உங்கள் பெண்ணின் ஊர். 1962இல் பிரிட்டிஷ் குழு ஒன்று போய் விசாரித்தபோது அங்கிருந்த பெரும்பாலோர் சோமாலியாவோடு போகிறோம் என்றார்கள். கேட்டுக்கொண்டு கென்யாவிலேயே வைத்துவிட்டார்கள். அதனால் 1963 முதல் 1967 வரை சண்டை. சண்டை ஓய்ந்த பிறகும் அந்த மாவட்டங்களில் நெருக்கடி நிலைச் சட்டம் 1991 வரை நீடித்தது. ஆக, கென்யா விடுதலை பெற்ற நாளிலிருந்தே இவர்கள் மேல் சந்தேகம்தான்.

1977-78இல் ஒகாடேனுக்காகச் சோமாலியா எத்தியோப்பியாவோடு போரிட்டுத் தோற்றது. அங்கிருந்து லட்சக்கணக்கில் ஜனம் சோமாலியாவுக்குள் ஓடி வந்தது. 1991 ஜனவரியில் சோமாலிய சர்வாதிகாரி சியாத் பாரேயின் ஆட்சி கவிழ்ந்ததும் அதே ஜனம் மறுபடி எத்தியோப்பியாவுக்கும் கென்யாவுக்கும் ஓடியது. பைதோவாவில் காலில் புண்ணோடு வந்த ஒரு கிழவருக்குக் கட்டுப் போட்டேன். இரண்டு பக்கமும் ஓடி முடித்தவர். மொழிபெயர்ப்பாளர் வழியாக அவர் கேட்டது ஒன்றே ஒன்று: உங்கள் நாட்டில் மழை பெய்கிறதா?

பந்தலூர் கணக்குப்பிள்ளை:

அக்கா, இதற்கு நான் பதில் எழுதியே ஆக வேண்டும். நைரோபியில் ஈஸ்ட்லீயில் ஒரு துணி மொத்தக் கடையில் 2012 முதல் 2016 வரை கணக்கு எழுதினேன். அங்குள்ளவர்கள் வாயில் அது 'இஸ்லீ'. 1991க்குப் பிறகு ஓடி வந்த சோமாலிகள் ஒரு லாட்ஜின் அறைகளையே கடைகளாக்கி வியாபாரம் தொடங்கிய இடம். கரிஸ்ஸா லாட்ஜ் என்றால் நகரம் முழுக்கத் தெரியும். என் முதலாளி சோமாலிதான், ஆனால் கென்யாவின் வடகிழக்கில் வஜீரில் பிறந்தவர், அசல் கென்யர். அப்பாவின் பிறப்புச் சான்று, தன் அட்டை, வரி ரசீது எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைக்குள் வைத்திருப்பார். குளிக்கப் போனாலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

2014 ஏப்ரலில் போலீஸ் இரவிரவாக வீடு வீடாக ஏறியது. சுமார் 4,000 பேரைப் பிடித்தார்கள், பலரைக் கசரானி விளையாட்டு மைதானத்தில் அடைத்தார்கள். எங்கள் மாடிக்கும் வந்தார்கள். என் பாஸ்போர்ட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு "இந்தியனா, சரி" என்று போய்விட்டார்கள். எதிர் அறையில் இருந்த முதலாளியின் தங்கை மகனிடம் கென்ய அட்டை இருந்தது. அதைக் காட்டினான். இது போலி என்று சொல்லி வண்டியில் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காசு கொடுத்து மீட்டோம். போலீஸுக்கு நாங்கள் ஏடிஎம் இயந்திரம் என்பார்கள் அந்தத் தெருவில். வெளிநாட்டானான நான் பயமில்லாமல் நிற்கிறேன், அந்த மண்ணில் பிறந்தவன் நடுங்குகிறான். அந்த இரவை என்னால் மறக்க முடியவில்லை.

அட்டை விவகாரமும் பழையதுதான். 1989இல் சோமாலிகளை மட்டும் வரிசையில் நிறுத்தித் தாத்தா யார், குலம் எது என்று விசாரித்து, தேறியவர்களுக்கு இளஞ்சிவப்பு நிறத்தில் தனி அட்டை கொடுத்தார்கள். அதற்கு முன், 1984இல் வஜீர் பக்கம் வகல்லா விமான ஓடுதளத்தில் ஆண்களைத் திரட்டிக் கொன்றார்கள். அரசு முதலில் ஒப்புக்கொண்டது 57 பேர். பின்னால் வந்த உண்மை ஆணையம் ஆயிரத்தை ஒட்டிச் சொன்னது. முதலாளி அதைப் பற்றிப் பேச மாட்டார். அவர் அம்மாதான் சொன்னார்.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், நாங்கள் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்கள். 1948 சட்டத்தில் தாத்தாவின் குடியுரிமை போயிற்று. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிப் பிரித்தார்கள். எங்கள் பெரியப்பா அங்கே, அப்பா இங்கே. அங்கே இருந்தவரை 'கள்ளத்தோணி', மண்டபம் முகாம் வழியாக அரசுத் தேயிலைத் தோட்டமான டேன்டீயின் லயத்துக்கு வந்ததும் 'சிலோன்காரன்'. அப்பா தாயகம் திரும்பியவருக்கான குடும்ப அட்டையைச் சாகும்வரை தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். முதலாளியின் பிளாஸ்டிக் உறையைப் பார்த்த முதல் நாளே எனக்கு அந்தத் தகரப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது.

கொடைக்கானல் வாசகர்:

வருத்தமான கதைதான். ஆனால் கென்யா பக்க நியாயத்தையும் பார்க்க வேண்டும். 2013இல் நைரோபியின் வெஸ்ட்கேட் வணிக வளாகத்தில் சோமாலியாவின் அல்-ஷபாப் தீவிரவாதிகள் நடத்திய தாக்குதலில் 67 பேர் செத்தார்கள். 2015 ஏப்ரல் 2 அன்று அந்தப் பெண்ணின் ஊரான கரிஸ்ஸாவிலேயே பல்கலைக்கழகத்தில் 148 பேர், பெரும்பாலும் மாணவர்கள். எந்த நாடாக இருந்தாலும் விசாரிக்கத்தானே செய்யும்?

பந்தலூர் கணக்குப்பிள்ளை:

விசாரிக்கட்டும் சார், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. கரிஸ்ஸா செய்தி வந்த அன்று எங்கள் தெரு முழுக்கக் கடையை அடைத்துவிட்டு உட்கார்ந்திருந்தது. ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றவர்களில் சோமாலிகளும் இருந்தார்கள். அல்-ஷபாப் அதிகம் கொன்றது சோமாலிகளையே. 2017 அக்டோபர் 14 அன்று மொகதிஷுவில் ஒரே லாரி குண்டில் 500க்கும் மேல் போனார்கள். அதே கூட்டத்துக்குப் பயந்து ஓடி வந்தவனிடம் நீயும் அவன்தானே என்றால் அவன் எங்கே போவான்?

கரிஸ்ஸாவுக்குப் பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? பணம் அனுப்பும் சோமாலி ஹவாலா நிறுவனங்கள் 13இன் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். எங்கள் கடையில் மூட்டை தூக்கிய பையன் மாதாமாதம் பைதோவாவில் இருக்கும் அம்மாவுக்கு 50 டாலர் அனுப்புவான். அங்கே ஊருக்கு ஊர் வங்கி ஏது? இரண்டு மாதம் பணம் போகவில்லை. அவன் யாரைக் கொன்றான்?

ஃபிங்கர்போஸ்ட் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. நேற்று மின்சாரம் இல்லாத நேரத்தில் அவளே கீழே வந்து உட்கார்ந்தாள். பந்தலூர் அண்ணா எழுதியதை மகன் படித்துச் சொன்னான். கசரானி என்ற பெயர் வந்ததும் தலையை ஆட்டினாள். அப்புறம் தம்பி விஷயத்தைச் சொன்னாள்.

2011இல் பெரிய வறட்சி. ஆடுகள் எல்லாம் செத்துவிட்டன. அவள் அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு ததாப் அகதி முகாமுக்குப் போய், சோமாலியாவிலிருந்து வந்தவர்கள் என்று பதிந்து ரேஷன் வாங்கியிருக்கிறார். இவளைக் கரிஸ்ஸாவில் பாட்டி வீட்டில் விட்டிருந்ததால் இவள் பெயர் அதில் இல்லை. இப்போது தம்பி அட்டைக்குப் போனால் கைரேகையை வைத்ததும் 'அகதி' என்று காட்டுகிறதாம். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், இவள் கென்யாக்காரி, அவன் அகதி. பசிக்கு வாங்கிய மாவுக்கும் எண்ணெய்க்கும் இந்தத் தண்டனையா?

நான் அந்தப் படிவத்தில் எதுவும் சேர்க்கவில்லை என்று அவளிடம் எடுத்துக் காட்டினேன்.

பந்தலூர் கணக்குப்பிள்ளை:

அக்கா, அந்தத் தம்பி தனி ஆள் இல்லை. ததாப் 1991இல் 90,000 பேருக்காகத் தொடங்கிய முகாம், 2011இல் ஐந்து லட்சத்தைத் தொட்டது. அந்த வறட்சியில் உள்ளூர்க் கென்ய சோமாலிகளும் பசியால் போய்ப் பதிந்தார்கள். இப்படிச் சிக்கியவர்கள் பல ஆயிரம்.

2025 பெப்ரவரியில் ஜனாதிபதி ரூட்டோ வஜீருக்கே வந்து, எல்லை மாவட்ட மக்களுக்கு மட்டும் இருந்த கூடுதல் விசாரணையை ரத்து செய்தார். அது நல்ல செய்தி. ஆனால் தம்பியின் தடை கைரேகையில் இருக்கிறது. முகாம் பட்டியலிலிருந்து பெயரை நீக்காமல் அட்டை வராது. கரிஸ்ஸாவிலேயே இதற்கு இலவசமாக வழக்கு நடத்தும் வக்கீல்கள் இருக்கிறார்கள். அம்மாவின் அட்டை, தம்பியின் பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, இந்தப் பெண்ணின் பாஸ்போர்ட் நகல், நான்கையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அக்கா கென்யர் என்பதற்கான பாஸ்போர்ட் தம்பிக்கு வலுவான ஆதாரம். மூலத்தை யாரிடமும் கொடுக்க வேண்டாம், நகல் மட்டும். நான் அடுத்த வாரம் ஊட்டிக்கு வருகிறேன். அவளுக்குச் சம்மதம் என்றால் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து தாள்களை வரிசைப்படுத்தித் தருகிறேன். இஸ்லீயில் நான்கு வருஷம் நானும் அந்த வேலையைத்தான் செய்தேன்.

ஃபிங்கர்போஸ்ட் அம்மா:

கேட்டேன் அண்ணா. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்கிறாள். டீ தானே போடுவதாகவும் சொன்னாள்.