பிஎன்பிஎம் போட்டா டிஸ்க்குல இடம் மிச்சமாம். எங்கவே மிச்சம்?

குழித்துறையான்:
நேத்து நம்ம ஜாவாஸ்கிரிப்ட் குரூப்புல, அடுத்தவங்க எழுதின கோடை (பேக்கேஜை) இறக்கித் தர்ற என்பிஎம், பிஎன்பிஎம் டூல் பத்தி ஒருத்தரு எழுதிப் போட்டிருக்காரு: "இன்னமும் என்பிஎம் வச்சிருக்கவன் டிஸ்க்கைக் குப்பைமேடாக்குறான். பிஎன்பிஎம் போட்டா பாதிக்கு மேல இடம் மிச்சம்." திருவனந்தபுரம் டெக்னோபார்க் ஐடி வளாகத்துல வேலை பாத்தா எதை வேணும்னாலும் சொல்லலாம்போல. நான் போட்டே பாத்துட்டேன். ஒரு பழைய ரியாக்ட் ப்ராஜெக்ட், பேக்கேஜ் எல்லாம் கெடக்க நோட் மாட்யூல்ஸ் ஃபோல்டர் என்பிஎம்ல 600 எம்பி சொச்சம். அழிச்சிட்டு பிஎன்பிஎம்ல போட்டேன், அதே 600 சொச்சம். ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ். அவ்வளவுதான். மிச்சத்தைக் காட்டும் பாப்போம்.

பாறசாலைத் தேவன்:
எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே கேட்டிருக்கலாம்.
பிஎன்பிஎம் ஒவ்வொரு ஃபைலையும் ஒரு டிரைவுக்கு ஒரே ஒரு ஸ்டோர்ல, அதாவது பொது ஃபோல்டர்ல, வச்சிக்கிடும். உம்ம ப்ராஜெக்ட்டுல இருக்கது அதே ஃபைலுக்குப் போட்ட ஹார்ட் லிங்க், அதாவது அதே ஃபைலுக்கு இன்னொரு பேரு. பத்து ப்ராஜெக்ட்டுல ஒரே வெர்ஷன் ரியாக்ட் இருந்தாலும் டிஸ்க்குல ஒரு காப்பிதான். விண்டோஸ் ப்ராப்பர்ட்டீஸுக்கு ஹார்ட் லிங்க் தெரியாது, ஒவ்வொண்ணையும் முழு ஃபைலாவே கூட்டிக் காட்டும்.

குழித்துறையான்:
அப்போ விண்டோஸ் பொய் சொல்லுது, நீரு உண்மை சொல்லுதீரு. நல்லா இருக்கு. 600 எம்பி.

பாறசாலைத் தேவன்:
கமாண்ட் ப்ராம்ப்டைத் தொறந்து, "எஃப்எஸ்யுடில் ஹார்ட்லிங்க் லிஸ்ட்"னு அடிச்சி, நோட் மாட்யூல்ஸுக்குள்ள இருக்க ஏதாவது ஒரு ஜேஎஸ் ஃபைலோட பாதையைக் குடும். அந்த ஒத்த ஃபைலுக்கு எத்தனை பாதை இருக்குன்னு வரிசையாக் காட்டும். ஸ்டோர்ல ஒண்ணு, ப்ராஜெக்ட்டுல ஒண்ணு. பாத்துட்டு வந்து பேசும்.

தக்கலைக்காரி:
ரெண்டு பேரும் டிஸ்க்குக்கு அடிச்சிக்கிடுங்க. 2016 அக்டோபர்ல யார்ன்ங்க இன்னொரு டூல் வர்ற வரைக்கும், எந்த பேக்கேஜ் எந்த வெர்ஷன்னு பூட்டி வைக்க ஒரு ஒழுங்கான லாக் ஃபைல் உண்டுமா? என் மெஷின்ல ஓடும், பக்கத்து சீட்டுல ஓடாது. என்பிஎம்காரங்க பேக்கேஜ்-லாக்கைக் கொண்டுவந்தது 2017 மே மாசம், 5-ஆம் வெர்ஷன்ல. யார்ன் வந்து அடிச்ச அடியிலதான் முழிச்சாங்க. அந்த நன்றி ஒருத்தனுக்கும் கெடையாது.

குழித்துறையான்:
அக்கா, வெர்ஷனைப் பூட்ட ஷ்ரிங்க்ராப்னு ஒரு கமாண்ட் என்பிஎம்ல 2012-லயே உண்டு. தெரியாம பேசப்படாது.

தக்கலைக்காரி:
தெரியும் தம்பி. தானா எழுதுமா அது? ஒவ்வொரு தடவையும் கையால கமாண்ட் அடிக்கணும். எவன் அடிச்சான்? நீ அடிச்சியா?

குழித்துறையான்:
அடிச்சேன்.

தக்கலைக்காரி:
நம்பிட்டேன்.

கொல்லங்கோடு ஃபைனல் இயர்:
அண்ணே, காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு எதைப் போடணும்? சர்வருக்கு எக்ஸ்பிரஸும் வெப் பக்கத்துக்கு ரியாக்ட்டும் மட்டும்தான். நாளன்னைக்கு ரிவ்யூ.

குழித்துறையான்:
சவத்த, ஷ்ரிங்க்ராப்பை விடுங்க. என் கேள்விக்கு இன்னும் பதில் வரல்ல. ஸ்டோர் எங்க இருக்கு? அதுவும் டிஸ்க்குலதான? ஸ்டோர்ல ஒரு 600, ப்ராஜெக்ட்டுல ஒரு 600. அப்போ 1200 ஆச்சி. மிச்சமா, கூடுதலா?

பாறசாலைத் தேவன்:
ஹார்ட் லிங்க்னா ரெண்டும் ஒரே 600 ஓய்! எத்தனை வாட்டி சொல்ல? ப்ராஜெக்ட் டி டிரைவ்ல, ஸ்டோரை நீரே வலிய சி டிரைவ்ல வச்சிருந்தா மட்டும்தான் காப்பி எடுக்கும், டிரைவ் தாண்டி ஹார்ட் லிங்க் போட முடியாதுல்லா. ஒண்ணும் மாத்தாம விட்டா, அந்தந்த டிரைவ்லயே தனி ஸ்டோர் போட்டுக்கிடும்.

குழித்துறையான்:
ஆங், வெளிய வருது பாருங்க! "காப்பி எடுக்கும்"னு அவரு வாயாலயே சொல்லியாச்சி. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன்.

வேளிமலை:
டிஸ்க் கணக்கை விடுங்க. பிஎன்பிஎம்ல எனக்குப் பிடிச்சது அந்தக் கண்டிப்புதான். என்பிஎம் 3-ஆம் வெர்ஷன்ல இருந்து எல்லாத்தையும் ஒரே மட்டத்துல பரத்திப் போடும். எக்ஸ்பிரஸ் 4 போட்டா அதுக்குத் தேவையான பாடி-பார்சர் பேக்கேஜும் மேல வந்து கெடக்கும். நம்ம பேக்கேஜ் லிஸ்ட்டான பேக்கேஜ் ஜேசன்ல எழுதாமலே கோடுல கூப்பிட்டா ஓடும். என்னைக்காவது எக்ஸ்பிரஸ் அதைத் தூக்கிட்டா நம்ம கோடு படுத்துரும். பிஎன்பிஎம்ல முத நாளே "மாட்யூலைக் காணோம்"னு நின்னுரும். எங்க டீம்ல மாத்தினப்போ எழுதாம ஓட்டிக்கிட்டிருந்ததெல்லாம் வரிசையா வெளிய வந்துது. ஒரு பகல் முழுக்க அதைச் சேக்கதுலயே போச்சி. ஆனா அதுக்கப்புறம் அந்தத் தொல்லையே இல்ல.

குழித்துறையான்:
ஓடிக்கிட்டிருந்த ப்ராஜெக்ட்டை ஒடச்சதுதான் பெருமையாக்கும்.
இன்னொண்ணு கேளுங்க. ஒரு ப்ராஜெக்ட்டுல பக் தேட நோட் மாட்யூல்ஸ் ஃபைல்ல ஒரு கன்சோல் லாக், அதாவது திரையில எழுத்துக் காட்டுற வரி, போட்டேன். வேற ப்ராஜெக்ட்டை ஓட்டினா அங்கயும் அதே எழுத்து வருது! என்பிஎம்ல இந்தக் கூத்து உண்டுமா?

பாறசாலைத் தேவன்:
வே, அதே ஃபைலுங்கதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? ரெண்டு எடமும் ஒரே ஃபைல்ங்கதாலதான் அங்கயும் வருது! உம்ம வாயாலயே நிரூபிச்சிட்டீரு. மாத்தணும்னா பிஎன்பிஎம் பேட்ச்னு தனி கமாண்ட் இருக்கு, அதை வச்சி மாத்தும்.

குழித்துறையான்:
நான் நிரூபிச்சது அது ஆபத்துன்னு. இடம் மிச்சம்னு நிரூபிக்கல்ல. ப்ராப்பர்ட்டீஸ் 600 எம்பி.

தக்கலைக்காரி:
யார்ன் 2-ல, 2020 ஜனவரியிலயே, நோட் மாட்யூல்ஸே வேண்டாம்னு பிளக் அண்ட் ப்ளேயை டிஃபால்ட்டா ஆக்கியாச்சி. பேக்கேஜ் எல்லாம் ஜிப்பா கெடக்கும். ஹார்ட் லிங்க் சண்டையே இல்ல.

பாறசாலைத் தேவன்:
பாதி டூல் அதுல ஓடலைன்னு நோட் மாட்யூல்ஸுக்கே திரும்பினவங்க எத்தனை பேரு அக்கா?

தக்கலைக்காரி:
ஓட்டத் தெரியாதவங்க திரும்பினாங்க.

வேளிமலை:
பாதுகாப்பையும் பாருங்க. 2025 செப்டம்பர்ல ஷாய்-ஹுலூத்ங்க வைரஸ் புழு, பேக்கேஜ் இறங்கினதும் தானா ஓடுற போஸ்ட் இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் வழியாத்தான் ஒவ்வொரு மெஷினாப் பாய்ஞ்சுது. பிஎன்பிஎம் 10 அந்த ஜனவரியிலயே நாம இறக்குற பேக்கேஜோட (டிபென்டன்சி) ஸ்கிரிப்ட்டை நாம அனுமதிச்சாத்தான் ஓட்டும்னு ஆக்கியாச்சி.

குழித்துறையான்:
என்பிஎம்லயும் இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ்னு ஒரு வரி எழுதினா நிக்கும். அதே மாசம் சாக், டீபக்ங்க பேக்கேஜுல ஒருத்தன் விஷம் வச்சானே, அது ஸ்கிரிப்ட்டுல இல்ல, கோடுக்குள்ளயே இருந்துது. உங்க பிஎன்பிஎம் என்னத்தைத் தடுத்துது?

பாறசாலைத் தேவன்:
தடுக்கத்தான் அதே மாசம் 10.16-ல புதுசா வந்த வெர்ஷனை இத்தனை நேரத்துக்கு எடுக்காதேன்னு ஒரு செட்டிங் வச்சாங்க.

குழித்துறையான்:
விஷம் வச்சதுக்குப் பொறகு வச்சாங்க.
நீரு பார்க்குல பெரிய லைன்ல இருக்கீரு. இங்க களியக்காவிளை பக்கம் வந்து பாரும். மழை பெஞ்சா கரண்ட் போவும், ஹாட்ஸ்பாட் போட்டா ஃபோன் தமிழ்நாட்டு டவருக்கும் கேரளா டவருக்கும் மாறி மாறித் தாவும். இந்த லட்சணத்துல நானும் டெலிவரி குடுக்கேன், என்பிஎம்லதான்.

பாறசாலைத் தேவன்:
என் வீடும் அதே பார்டர்லதான ஓய். பார்க்குக்கு டெய்லி ரயில்ல போய் வாறேன். அந்த நெட்டுக்குத்தான் சொல்லுகேன், ஒருவாட்டி ஸ்டோர்ல வந்த பேக்கேஜை நெட் இல்லாமலே அடுத்த ப்ராஜெக்ட்டுல ஆஃப்லைன்னு போட்டு எடுத்துக்கிடலாம்.

குழித்துறையான்:
என்பிஎம் இறக்கினதைச் சேத்து வைக்குற கேஷ்லயும் அது நடக்கும். ப்ரிஃபர் ஆஃப்லைன்னு ஒரு ஆப்ஷன் இருக்கதே உமக்குத் தெரியாதா? மூணு வருஷமா குரூப்புல பாடம் எடுக்கீரு.

பாறசாலைத் தேவன்:
பாடம் எடுக்கதுல உமக்கு என்ன வேக்காடு? போன மீட்டப்புல உம்ம டாக்கை, அதான் மேடைப் பேச்சை, எடுக்கலைன்னு இன்னும் மனசுல வச்சிக்கிட்டு இருக்கீரா?

குழித்துறையான்:
டாக்கை யாரு தடுத்தான்னு எனக்குத் தெரியும். அதை இங்க பேச வேண்டாம்.

தக்கலைக்காரி:
பேசுங்க, எல்லாருக்கும் தெரியட்டும். என் யார்ன் டாக்கையும் அன்னைக்குத்தான் தூக்கினாங்க.

கொல்லங்கோடு ஃபைனல் இயர்:
அண்ணே, அக்கா, யாராவது ஒரு வார்த்தை...

வேளிமலை:
தம்பி, நோட் போட்டாலே என்பிஎம் கூட வந்துரும், அதையே வச்சி ரிவ்யூவை முடி. ரெண்டு லாக் ஃபைல் மட்டும் ஒரே ப்ராஜெக்ட் ரெப்போவுல போட்டுராத.

பாறசாலைத் தேவன்:
பையனுக்கும் என்பிஎம்மா! வேளிமலை, நீருமா?

குழித்துறையான்:
கண்டீரா, உம்ம ஆளே என்பிஎம்தான் சொல்லுகாரு.

பாறசாலைத் தேவன்:
எஃப்எஸ்யுடில் அடிச்சீரா இல்லையா? அதைச் சொல்லும் முதல்ல.

குழித்துறையான்:
நான் எதுக்கு அடிக்கணும்? இடம் மிச்சம்னு சொன்னது நீரு. ரெண்டாவது ப்ராஜெக்ட் போடுகதுக்கு முன்னால டிரைவ்ல எவ்வளவு காலி, போட்ட பொறகு எவ்வளவு காலி, ரெண்டு படமும் போடும். அதுவரைக்கும் 600தான்.