முதல் சீன ஆர்டர்: எல்.சி. திறப்பதா, வயர் போடுவதா?

பீன்யா_லேத்:
பெங்களூரு பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் சின்ன சி.என்.சி. (கம்ப்யூட்டர் இயக்கும் மெஷின்) ஷாப் வைத்திருக்கிறேன். சீனாவில் டோங்குவானில் ஒரு கம்பெனியிடம் பால் ஸ்க்ரூ (மெஷின் நகர்வைத் துல்லியமாக்கும் திருகு) வாங்கப் போகிறேன். முதல் ஆர்டர், 22,000 டாலர். 30% முன்பணம், மீதி பி.எல். (சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான ரசீது) நகல் காட்டியதும் டி.டி. என்கிறார்கள் (டிமாண்ட் டிராஃப்ட் இல்லை, வயர்; அதாவது அவர்கள் கணக்குக்கு நேரடியாகப் பணம் அனுப்புவது). ஆடிட்டர் எல்.சி. (லெட்டர் ஆஃப் கிரெடிட்; கேட்ட ஆவணங்கள் சரியாக வந்தால் விற்பவருக்குப் பணம் தருவதாக நம் வங்கி தரும் உறுதி) திறக்கச் சொல்கிறார். என்ன செய்யலாம்?

அல்சூர்_டிரேடர்:
எல்.சி.தான், யோசிக்கவே வேண்டாம். வயர் போனால் போனதுதான். தெரிந்தவர் ஒருவருக்குச் சரக்கு கிளம்பும் நேரம் பார்த்து, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மெயில் வந்தது. அதே லோகோ, அதே ஆள் பெயர். மெயில் முகவரியில் மட்டும் ஒரு எழுத்து கூடுதல். மனுஷன் கவனிக்காமல் 70% அனுப்பிவிட்டார். எல்.சி.யில் பணம் வங்கிக்கு வங்கி, காகிதம் சரியாக வந்த பிறகுதான் போகும்.

மீனா_பொம்மசந்திரா:
அண்ணே, காகிதம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். வங்கி பெட்டியைத் திறந்து பார்க்காது. எல்.சி.க்கு உலக வங்கிகள் பின்பற்றும் விதித்தொகுப்பான யு.சி.பி. 600, ஐந்தாவது பிரிவே அதுதான்: வங்கிக்கு வேலை ஆவணத்தோடு, சரக்கோடு இல்லை. நான் பட்டவள். அலாய் ஸ்டீல் ராடு இறக்கினோம். எல்.சி.யில் தேவையான ஆவணங்களை எழுதும் 46ஏ கட்டத்தில் "இன்ஸ்பெக்‌ஷன் சர்ட்டிஃபிகேட்" என்று மொட்டையாக ஒரு வரி. விற்றவரே தன் லெட்டர்ஹெட்டில் "பரிசோதித்தோம், எல்லாம் சரி" என்று நாலு வரி அடித்து, சீல் குத்தி அனுப்பிவிட்டார். வங்கி வாங்கிக்கொண்டு பணம் கொடுத்தது. ராடு வந்து ஹார்ட்னஸ் பார்த்தால் பாதிக்கு மேல் ரிஜெக்ட். இந்த அழகுக்கு வங்கியில் முன்கூட்டியே கட்டிவைக்க 25% மார்ஜின், கமிஷன், வங்கிக்கு வங்கி செய்தி அனுப்ப ஸ்விஃப்ட் சார்ஜ், ஒரு தேதியைத் திருத்தினால் அதற்கும் தனி சார்ஜ்.

அல்சூர்_டிரேடர்:
அது எல்.சி.யின் தப்பா, எழுதியவர் தப்பா?

மீனா_பொம்மசந்திரா:
எழுதியவள் நான்தான். கவுன்டரில் ஃபார்மை நீட்டியவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா?

புது_இம்போர்ட்டர்:
2018லேயே ஆர்.பி.ஐ. இதையெல்லாம் நிறுத்திவிட்டதே?

மேஜை_ரிடயர்டு:
தம்பி, நிறுத்தியது எல்.ஓ.யு.வையும் லெட்டர் ஆஃப் கம்ஃபர்ட்டையும் (இறக்குமதிக்கு வெளிநாட்டில் கடன் வாங்க நம் வங்கிகள் கொடுத்துவந்த உறுதிக் கடிதங்கள்). எல்.சி. அப்படியேதான் இருக்கிறது.

மீனாம்மா சொன்னது யு.சி.பி.யின் 14-எஃப் பிரிவு விவகாரம். யார் தர வேண்டும், உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று எழுதாவிட்டால், பார்வைக்குச் சான்றிதழ் மாதிரி இருக்கும் எதையும் வங்கி ஏற்கும். அதனால் பீன்யாக்காரரே, "எஸ்.ஜி.எஸ். அல்லது பீரோ வெரிடாஸ் தந்தது, மாடல் எண், எண்ணிக்கை, சி7 துல்லியம் அளந்ததாகக் குறிப்பிட்டது" என்று 46ஏ-வில் எழுதுங்கள் (முதல் இரண்டும் சரக்கைப் பரிசோதிக்கும் வெளி நிறுவனங்கள், சி7 பால் ஸ்க்ரூவின் துல்லியத் தரம்). கடைசி ஷிப்மென்ட் தேதியையும் போடுங்கள். காகிதம் கைக்கு வந்தபின் சரிபார்க்க வங்கிக்கு 5 வேலை நாள்தான்.

மோசடி தெளிவாகத் தெரிந்தால் வங்கி பணம் தருவதைக் கோர்ட் தடுக்கலாம் என்பதற்கு 1941இல் நியூயார்க்கில் வந்த ஸ்டெய்ன் வழக்கு இருக்கிறது. தூரிகை முடி கேட்டவருக்கு வந்தது மாட்டு முடியும் குப்பையும். அனுப்பியது யார் தெரியுமா? நம் இந்தியக் கம்பெனி! ஆனால் அதை நம்பி எல்.சி. திறக்காதீர்கள், கோர்ட்டுக்கு ஓட நேரம் இருக்காது.

அல்சூர்_டிரேடர்:
காகிதத்தில் பிழை இருந்தால் நாம் மறுக்கலாம். அந்தப் பிடி வயரில் கிடையாது.

மீனா_பொம்மசந்திரா:
மறுத்துவிட்டு? கன்டெய்னர் சென்னை துறைமுகத்தில் நிற்கும், இங்கே கஸ்டமரின் உற்பத்தி லைன் நின்றுபோகும். இன்வாய்ஸில் மாடல் எண் மாறியிருந்தும் நானே ஒருமுறை "பரவாயில்லை" என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பீன்யா_லேத்:
சப்ளையரிடம் கேட்டேன். எல்.சி. என்றால் விலை 3% ஏறுமாம்.

மீனா_பொம்மசந்திரா:
அந்தக் காசுக்கு ஃபேக்டரிக்கே இன்ஸ்பெக்டரை அனுப்பலாம். சரக்கு தேறினால் மீதி வயர்.

அல்சூர்_டிரேடர்:
தேறாவிட்டால்? 30% ஏற்கெனவே அவர்கள் பையில். இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட் எழுதுவார், பணத்தை வாங்கித் தருவாரா?

மீனா_பொம்மசந்திரா:
6,600 டாலர் போகும், 22,000 போகாது.

பீன்யா_லேத்:
முதல் தடவைக்கு 3% போகட்டும், எல்.சி. திறக்கிறேன். இன்ஸ்பெக்‌ஷன் வரியை நாளைக்கு எழுதி இங்கே போடுகிறேன். திட்டுவதாக இருந்தால் வங்கிக்குப் போவதற்குள் திட்டிவிடுங்கள்.