பொருள்: மறு: ஐதணியா, அருகிய அணியா?

> கிராஃப் டேட்டாபேஸுக்கு 'வரைபடத் தரவுத்தளம்', ஸ்பார்ஸ் மேட்ரிக்ஸுக்கு 'அருகிய அணி' என்று முடித்துவிடலாமா?

அண்ணே, வணக்கம். இரண்டையுமே மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. முதலாவது, படகு, வியாபாரி போன்ற முனைகளையும் அவற்றுக்கு இடையிலான இணைப்புகளையும் சேமிக்கும் தரவுத்தளம். இரண்டாவது, பூச்சியங்கள் நிறைய உள்ள அணி, அதாவது நிரை நிரலாக எண்களை அடுக்கிய கட்டம்.

நம் பாடத்தின் எடுத்துக்காட்டே நாட்டுப்படகு, மீன் இறங்குதளம், வியாபாரி, முன்பணம் இவற்றுக்கு இடையிலான இணைப்புகள்தான். பாம்பனிலோ தொண்டியிலோ ஒரு பையனிடம் வரைபடம் என்றால் ஜி.பி.எஸ். கருவியில் தெரியும் கடலும் தீவுகளும்தான் நினைவுக்கு வரும். கணிதத்தில் 'கோட்டுரு' ஏற்கெனவே புழங்குகிறது. கோட்டுருத் தரவுத்தளம் என்போம். 'தொடர்புத் தரவுத்தளம்' வேண்டாம், தரவை அட்டவணைகளாக வைக்கும் ரிலேஷனல் டேட்டாபேஸோடு மோதும்.

'அருகிய' இன்னும் சிக்கல். அருகுதல் குறைதல்தான், ஆனால் அருகு என்றால் பக்கம். எந்த முனைக்குப் பக்கத்தில் எந்த முனை என்று காட்டும் அண்டை அணியும் அதே அத்தியாயத்தில் வருகிறது. படிப்பவர் இரண்டும் ஒன்றென்று எடுத்துக்கொள்வார். இடைவெளி விட்டு விதைப்பதைச் சொல்லும் "கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும்" என்ற பழமொழியை வைத்து 'கலக்க அணி' என்றும் யோசித்தேன். எழுத்தில் அது கலப்பதாகவோ கலங்குவதாகவோ படும். இலங்கைப் பள்ளி நூல்களில் செறிவு குறைந்த கரைசலை ஐதான கரைசல் என்பது வழக்கம். ஆகவே ஐதணி, எதிர்ச்சொல் அடரணி.

வரையறையையும் சொல்லோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். பூச்சியங்கள் இத்தனை விழுக்காடு என்ற எல்லை எதுவும் கிடையாது. அவற்றை விட்டுவிட்டுக் கணக்கிடுவதில் ஆதாயம் இருந்தால் அது ஐதணி. கணித அறிஞர் ஜேம்ஸ் வில்கின்சன் சொன்னதாக வழங்கும் வரையறையின் சாரம் இது. 5,000 முனைகள், 20,000 இணைப்புகள் என்று வைத்துக்கொள்வோம். முனைக்கு ஒரு நிரை (கிடை வரிசை), ஒரு நிரல் (நெடு வரிசை) என்பதால் முழு அணியில் இரண்டரைக் கோடி கட்டங்கள். கட்டத்துக்கு 8 பைட் என்றால் 20 கோடி பைட். பூச்சியமல்லாத மதிப்புகள், அவற்றின் நிரல் எண்கள், ஒவ்வொரு நிரையும் தொடங்கும் இடம் இவற்றை மட்டும் வைத்தால், மதிப்புக்கு 8 பைட், மற்ற இரண்டுக்கும் 4 பைட் வீதம், ஏறத்தாழ 2,60,000 பைட் போதும். இந்தக் கணக்கைப் பாடத்தில் முழுதாகப் போட்டுக் காட்டுங்கள், அண்ணே. சொல் மனதில் நிற்பது இதனால்தான்.

கோட்டுருத் தரவுத்தளமா ஐதணியா, எதைத் தேர்வது என்ற பகுதியைச் சுருக்கலாம். இந்தப் படகின் மீனை எடுத்தவர் யார், அவர் வேறு எந்தப் படகுகளுக்கு எந்தத் தேதியில் முன்பணம் கொடுத்தார் என்று ஒரு முனையில் தொடங்கி இரண்டு மூன்று இணைப்புகளைத் தாண்டியதும் முடியும் கேள்வி, தரவு நாள்தோறும் மாறுகிறது என்றால் கோட்டுருத் தரவுத்தளம். வலையமைப்பு முழுவதிலும் எந்த இறங்குதளம் முக்கியம் என்று திரும்பத் திரும்பப் பெருக்கிப் பார்க்க வேண்டுமானால் ஐதணி. ஒன்றை எடுத்தால் மற்றதை விட வேண்டும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்: ரெடிஸ்கிராஃப் என்ற கோட்டுருத் தரவுத்தளம் உள்ளே இணைப்புகளை ஐதணிகளாகவே வைத்திருந்தது.

முனைகளை இணைக்கும் கோட்டுக்கு ஆங்கிலத்தில் எட்ஜ் என்பார்கள்; அதற்கான 'விளிம்பு' இன்னும் பாக்கி. படகுக்கும் வியாபாரிக்கும் நடுவே இருப்பதை விளிம்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'இணைப்பு' போதும் என்கிறேன். கணித ஆசிரியர்கள் மறுத்தால் காரணத்தோடு எழுதுங்கள்.