மறு: ‘சுற்றாடல் நீதி’ சரி, அதற்காகப் பேசுகிறவர் யார்? வெள்ளிக்குள் சொல் வேண்டும்

வெள்ளவத்தையிலிருந்து:
வணக்கம். கொழும்பை அடுத்த கொலன்னாவைப் பக்கத்து மக்களுக்கு ஒரு கையேடு மொழிபெயர்க்கிறேன். அதில் வரும் ‘environmental justice advocate’ என்பதற்குத்தான் தமிழ் தேடுகிறேன். குப்பையும் கழிவும் ஏழைகள் தலையில் மட்டும் விழக்கூடாது என்பதுதான் ‘சுற்றாடல் நீதி’. வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போகவேண்டும். ஒரு திட்டம் சூழலை எப்படிப் பாதிக்கும் என்று சொல்லும் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பார்வைக்கு வைத்தால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் உண்டு. அதற்குள் யாரிடம் போவது, எப்படி எழுதுவது என்பதுதான் விஷயம். ‘சுற்றாடல்’ மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் பெயரிலேயே இருக்கிறது, அதில் சிக்கல் இல்லை. நீதி கேட்டு அரசாங்கத்துடன் பேசப்போகிறவரை எப்படிச் சொல்வது? முந்திய பதிப்பில் ‘வழக்காடுநர்’ என்று போட்டோம். ஒரு அம்மா அந்த வரியில் விரலை வைத்தபடி, “நீங்க லோயரா மகள்? எவ்வளவு எடுப்பீங்க?” என்று கேட்டார்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
தங்கச்சி, ‘பரிந்துரைஞர்’ என்று போடுங்கள். தமிழ்நாட்டில் பரிந்துரை என்றால் சிபாரிசு. நமக்கு அதற்கு ‘விதந்துரை’ இருப்பதால் இந்தச் சொல் இங்கே சும்மா கிடக்கிறது. ‘தாயினும் சாலப் பரிந்து’ என்றார் மாணிக்கவாசகர். ஒருவர்மேல் பரிவு கொண்டு அவருக்காகப் பேசுபவர் பரிந்துரைஞர்.

சென்னையிலிருந்து:
‘நீதி’யே வடசொல் ஐயா. ‘முறைசெய்து காப்பாற்றும் மன்னவன்’ என்கிறார் வள்ளுவர், அங்கே முறை என்றால் நீதி. ‘சூழல்முறை எடுத்துரைஞர்’ என்றால் முழுக்கத் தமிழாகிவிடும்.

வெள்ளவத்தையிலிருந்து:
‘சூழல்முறை’ என்றால் குப்பை கொட்டும் முறை என்று நினைப்பார்கள். நீதவான், நீதிமன்றம் என்று தினமும் வாயில் வருவதை ஏன் பிடுங்கவேண்டும்? ‘எடுத்துரைப்பு’ இலக்கிய விமர்சனத்தில் கதைசொல்லலுக்குப் போய்விட்டது.

ஐயா மன்னிக்கவேண்டும், பரிவு மேலே இருப்பவர் காட்டுவது. 1991இல் வாஷிங்டனில் கூடிய வெள்ளையரல்லாத மக்களின் சுற்றாடல் மாநாடு 17 கோட்பாடுகளை வகுத்தது. தீர்மானம் எடுக்கும் ஒவ்வொரு படியிலும் சம பங்காளிகளாக இருக்கும் உரிமை அவற்றில் ஒன்று. நம் கொலன்னாவைப் பக்கத்து மீதொட்டமுல்லயில் 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் குப்பைமேடு சரிந்து 30இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மேட்டை அகற்றச் சொல்லி அங்கிருந்த சனம் வருடக்கணக்காகப் போராடியிருந்தது. அவர்களுக்கு வாய் இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. அவர்களைப் பார்த்து ‘பரிந்து’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

மட்டக்குளியிலிருந்து:
‘சுற்றாடல் நீதிக்காகப் பேசுபவர்’ என்றே விடுங்கள் அக்கா. நீளம்தான். ஆனால் அந்த அம்மாவும் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ளலாம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:
அது விளக்கம், சொல் அல்ல. கலைச்சொல் என்றால் அதிலிருந்து இன்னொன்று பிறக்கவேண்டும். என் மறுப்பைப் பதிவுசெய்யுங்கள்.

வெள்ளவத்தையிலிருந்து:
நான்கு பேர் ‘பேசுபவர்’, ஐயா ஒருவர் மறுப்பு. அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். 7ஆம் பக்கத்தில் செயலுக்கும் ஒரு பெயர் தேவைப்பட்டது, அங்கே ஐயா சொன்னது இடித்தது. இப்போதைக்கு ‘அரசுடன் பேசுதல்’ என்று போட்டிருக்கிறேன்.