சாதிலிங்கக் கல்லில் குடைந்த டப்பாவா? கொஞ்சம் நியாயமாகப் பேசுங்கள்!

வேதிவாத்தியார்:
பக்கத்து இழையில் 'கடைத்தெரு' அண்ணன் நேற்று எழுதியதை அப்படியே தருகிறேன்: "சாதிலிங்கம் வெறும் கல். கல் யாரைக் கொன்றது? சீனாக்காரன் சாதிலிங்கக் கல்லைக் குடைந்து டப்பா செய்து, அதில் பலகாரம் வைத்துத் தின்கிறான். இங்கேதான் விஷம் விஷம் என்று கூப்பாடு." இதற்குக் கைதட்ட ஒரு கூட்டம் வேறு.

சாதிலிங்கம் என்பது பாதரசமும் கந்தகமும் சேர்ந்த தாது. எடையில் 86 விழுக்காடு பாதரசம். காற்றுபட நன்றாகச் சுட்டால் கந்தகம் புகையாகப் பிரியும், பாதரசம் ஆவியாக எழும். அந்த ஆவியைக் குளிரவைத்துப் பிடித்துத்தான் ஸ்பெயினின் அல்மதேனிலும் ஸ்லோவேனியாவின் இத்ரியாவிலும் நூற்றாண்டுக்கணக்கில் பாதரசம் எடுத்தார்கள். கல் யாரைக் கொன்றது என்று அல்மதேன் சுரங்கத்துக்குத் தண்டனையாக அனுப்பப்பட்ட கைதிகளைத்தான் கேட்க வேண்டும்.

கடைத்தெரு:
வாத்தியாரே, பாடம் நன்றாக எடுத்தீர்கள். நான் கேட்டது டப்பா. டப்பாவைப் பற்றி ஒரு வரி இல்லை. சீனாவில் அந்த டப்பா இருக்கிறதா, இல்லையா?

தூரிகை:
இருக்கிறது அண்ணா, ஆனால் கல்லைக் குடைந்தது இல்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் மரம். அதன்மேல் ஒரு மரத்துப் பாலில் சாதிலிங்கப் பொடியைக் குழைத்து மெல்லியதாகப் பூசுவார்கள். காய்ந்ததும் அடுத்த பூச்சு. இப்படிப் பல பத்துப் பூச்சு, நல்ல வேலையென்றால் நூற்றுக்கும் மேல். கனம் ஏறிய பிறகுதான் உளி எடுத்துப் பூவும் மலையும் செதுக்குவார்கள். சீனாவின் மிங் அரச காலத்தில், அதிலும் 1402 முதல் 1424 வரை ஆண்ட யோங்லே பேரரசர் நாளில் செய்தவை உலகப் புகழ் பெற்றவை. சிவப்புக்குக் காரணம் சாதிலிங்கம், உருவத்துக்குக் காரணம் பூச்சு.

கடைத்தெரு:
ஆக, டப்பாவில் சாதிலிங்கம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டீர்கள். நன்றி. வழக்கு முடிந்தது.

வேதிவாத்தியார்:
எங்கே முடிந்தது? நீங்கள் சொன்னது "கல்லைக் குடைந்து". தூரிகை சொல்வது பூச்சு. சுவரில் சுண்ணாம்பு அடித்தால் வீடே சுண்ணாம்பா?

ஊர்க்குருவி:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் அம்மா நெற்றியில் வைக்கும் குங்குமமும் இந்தச் சாதிலிங்கம்தானா? பயமாக இருக்கிறது.

கடைத்தெரு:
தம்பி, அது தனி. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்தாலே சிவந்துவிடும், அதுதான் குங்குமம். இப்போது கடையில் வருவதில் சாயம் எவ்வளவு என்பதை வாத்தியாரிடம் கேளுங்கள், அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே. நான் டப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று தலைமுறையாக நாட்டு மருந்துக் கடை நடத்துகிறோம். ரசம், லிங்கம் (சாதிலிங்கம்தான்), வீரம், பூரம், ரசசெந்தூரம் என்று பஞ்சசூதம் எனப்படும் பாதரசச் சரக்கு ஐந்தையும் கண்ணைக் கட்டிவிட்டாலும் கையால் தொட்டுச் சொல்வார் என் தாத்தா. லிங்கக் கட்டியை உடைத்தால் உள்ளே ஊசி ஊசியாகப் பளபளக்கும், கல்வத்தில் அரைக்க அரைக்கக் கருஞ்சிவப்பு மாறி இரத்தச் சிவப்பாகும். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். லிங்கத்தை அப்படியே யாரும் மருந்தில் போடுவதில்லை. எலுமிச்சம்பழச் சாறு, பசும்பால், குப்பைமேனிச் சாறு மூன்றையும் சம அளவில் கலந்து, சூடான லிங்கத்தின்மேல் சொட்டுச் சொட்டாக விட்டுச் சுருக்குக் கொடுத்துச் சுத்தி செய்த பிறகுதான் மருந்துக்கு எடுப்பார்கள். இது தெரியாதவர்கள் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு 86, 86 என்று ஓதுகிறார்கள். 86 இருந்தால் என்ன? தண்ணீரில் போடுங்கள், கரைகிறதா பாருங்கள். கரையாதது வயிற்றில் என்ன செய்யும்? அந்த தைரியத்தில்தான் சீனாக்காரன் டப்பாவில் பலகாரம் வைக்கிறான்.

வேதிவாத்தியார்:
தண்ணீரில் கரையாது என்பது உண்மை, அதனால்தான் வீரம் என்ற பாதரச உப்பின் அளவுக்கு அது உடனே ஆளை வீழ்த்துவதில்லை. வீரம் கரையும். ஆனால் கரையாது என்பதும் கெடுதல் செய்யாது என்பதும் ஒன்றில்லை. நாள்பட உள்ளே போனால் ஒரு பங்கு உடம்பில் ஏறத்தான் செய்யும். அடுப்பில் சூடு மிஞ்சினால் ஆவி, அது நேரே நுரையீரலுக்கு. பாதரசம் தொடர்பான மினமாட்டா உடன்படிக்கை 2013இல் கையெழுத்தாகி 2017இல் நடைமுறைக்கு வந்தது சும்மா இல்லை.

சுத்தி செய்த பிறகு அதிலுள்ள பாதரசம் எங்கே போனது என்று ஒருமுறை சொல்லுங்கள். 86 என்பது 85 ஆனதா?

கடைத்தெரு:
பாருங்கள், மறுபடியும் 86. இவருக்கு வேறு எண்ணே தெரியாது. கஸ்தூரி மஞ்சள் இழையிலும் இதே கதைதான். நான் கஸ்தூரி மஞ்சள் என்று விற்பது பூலாங்கிழங்கு என்ற வேறு கிழங்கு என்று அத்தனை பேர் முன்னால் சொன்னவர் இவர். படத்தை மட்டும் பார்த்துச் சொன்னார், கிழங்கை முகர்ந்தாவது பார்த்தாரா?

வேதிவாத்தியார்:
வெள்ளையாக இருந்தது, சொன்னேன். இன்றும் சொல்வேன்.

தூரிகை:
மஞ்சளை விடுங்கள். கெடாத கல் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. சாதிலிங்கச் சிவப்பு வெயிலுக்கு நிற்காது, கறுத்துவிடும். ரோமில் ஃபபேரியஸ் என்ற எழுத்தர் அவெந்தீன் குன்றில் இருந்த தன் வீட்டு முற்றத்துச் சுவர் முழுக்க இந்தச் சிவப்பை அடித்தாராம். முப்பதே நாளில் சுவர் திட்டுத் திட்டாகக் கெட்டு, வேறு வண்ணம் அடிக்க ஆள் பிடிக்க வேண்டியதாகிவிட்டது. அந்தக் காலத்து ரோமக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் எழுதியிருக்கிறார். அதனால்தான் சுவர் காய்ந்ததும் மெழுகை உருக்கி எண்ணெய் கலந்து மேலே பூசினார்கள். விலையும் கொஞ்சமில்லை, ராத்தலுக்கு 70 செஸ்டர்ஸுக்கு (அது ரோம நாணயம்) மேல் விற்கக்கூடாது என்று சட்டமே இருந்ததாக ரோம எழுத்தாளர் பிளினி சொல்கிறார்.

கடைத்தெரு:
ரோமாபுரிச் சுவர் எதற்கம்மா இப்போது? நான் கேட்பது சீனத்து டப்பா.

அரைச்சுவர்:
அந்த டப்பாவுக்கு நம் ஊர் அரக்குதானே பூசுகிறார்கள்?

தூரிகை:
இல்லை. நம் அரக்கு பூச்சியிலிருந்து வருவது. டப்பாவில் பூசுவது மரத்தைக் கீறி எடுக்கும் பால். பச்சையாகக் கையில் பட்டால் தோல் தடித்து அரிக்கும்.

கடைத்தெரு:
ஆகா! அப்படியானால் விஷம் மரத்துப் பாலில்தான் இருக்கிறது, லிங்கத்தில் இல்லை. இப்போது தூரிகையே சொல்லிவிட்டார்.

தூரிகை:
நான் அப்படிச் சொல்லவே இல்லை.

கடைத்தெரு:
எழுதியது மேலே இருக்கிறது, எல்லோரும் படிக்கலாம். இன்னொன்று. அந்த டப்பா என்னிடமே இருக்கிறது. என் மச்சான் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. அடியில் சீன எழுத்து, விலைச்சீட்டில் சாதிலிங்கத்தின் ஆங்கிலப் பெயர் 'சின்னபார்' என்று தெளிவாக அச்சிட்டிருந்தது. பூச்சு என்று எங்கேயும் இல்லை.

வேதிவாத்தியார்:
நல்லதாகப் போயிற்று. சாதிலிங்கம் மிக மென்மையான கல், பத்துவரை போகும் கடின அளவில் இரண்டுக்கும் இரண்டரைக்கும் நடுவில், ஏறக்குறைய நம் நகத்தளவு. செம்பு அதைவிடக் கடினம், அதனால் அடிப்பக்கம் ஏதாவது செப்புக் காசால் ஒரு கீறல் போட்டுப் பாருங்கள்.

கடைத்தெரு:
போட்டேன். கீறலே விழவில்லை. அவ்வளவு உறுதியான அசல் கல்.

தூரிகை:
அண்ணா, கோபப்படாதீர்கள். கீறல் விழாததால்தான் அது சாதிலிங்கக் கல் இல்லை. இப்போது அந்தப் பெயரில் விற்கும் மணி, வளையல், டப்பாவெல்லாம் பெரும்பாலும் சிவப்புச் சாயம் போட்ட பிசின், அச்சில் வார்த்தது.

கடைத்தெரு:
என் மச்சான் பிளாஸ்டிக் வாங்கி ஏமாந்தான் என்கிறீர்களா? அவன் அங்கே பதினைந்து வருடமாக இருக்கிறான். குடும்பத்தை இழுக்காமல் பேசத் தெரியாதா உங்களுக்கு?

அரைச்சுவர்:
மச்சானை இழுத்தது நீங்கள்தானே அண்ணே.

கடைத்தெரு:
நீ அரக்கு எது, பால் எது என்று முதலில் கற்றுக்கொண்டு வா.

வேதிவாத்தியார்:
எடை போடுங்கள், தகராறே வேண்டாம். சாதிலிங்கம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 8 கிராமுக்கு மேல் இருக்கும். டப்பா எவ்வளவு பெரிது?

கடைத்தெரு:
வட்டம். எட்டு சென்டிமீட்டர் அகலம், ஐந்து உயரம், ஒரு விரல் கனம். கடைத் தராசில் 140 கிராம்.

வேதிவாத்தியார்:
அந்த அளவில் கல்லைக் குடைந்திருந்தால் மூடி இல்லாமலே ஒரு கிலோவைத் தாண்டியிருக்கும். 140 கிராமுக்குக் கல் எங்கே?

கடைத்தெரு:
நான் மூடியைச் சேர்க்காமல் எடை போட்டேன்.

வேதிவாத்தியார்:
நானும் மூடியைச் சேர்க்கவில்லை என்றுதானே சொன்னேன்!

ஊர்க்குருவி:
குங்குமத்தில் சாயம் இருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று யாராவது சொல்கிறீர்களா?

கடைத்தெரு:
தம்பி, பொறுங்கள், பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறோம். வாத்தியாரே, உங்கள் 8 கிராம் ஸ்பெயின் கல்லுக்கான கணக்கு. இது சீனக் கல். தாத்தா தராசில் நாளைக்குத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். அதுவரை அந்தக் கஸ்தூரி மஞ்சளுக்கு என்ன பதில் என்று யோசித்து வையுங்கள்.